கால் அங்குல வாட்டம்

என் கண்ணே ஒரு ரசமட்டம் என்று எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனே நான்தான் என்று என் மனைவி சொல்வாள். சொல்லிவிட்டுப் போகட்டும். முப்பத்தொரு வருடமாகச் சுவர் எழுப்புகிறேன், பூசுகிறேன், தரை போடுகிறேன். என் சுவரில் கோணல் கண்டுபிடித்தவன் இன்னும் பிறக்கவில்லை. விருந்துக்குப் போன வீட்டில் காலண்டர் சாய்ந்து தொங்கினால்கூட எழுந்து நேராக்கிவிட்டுத்தான் உட்காருவேன். "போற இடத்துலயாவது கையை வெச்சுக்கிட்டு சும்மா இருங்களேன்" என்று மனைவி பல்லைக் கடிப்பாள்.

எங்களுக்கு ஒரே மகள். வீட்டில் பாப்பா, வெளியே ஏசிக்காரப் பொண்ணு. இருபத்தெட்டு வயது. ஆறு வருடம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, போன வருடம் வெளியே வந்து தனியாகத் தொழில் தொடங்கினாள். ஒரு ஸ்கூட்டர், ஒரு மடக்கு ஏணி, ஒரு பை நிறைய சாமான். கோடையில் வீட்டைக் குளிர வைப்பது, குளிர்காலத்தில் அதே மெஷினால் சூடேற்றுவது, கெட்டதைப் பழுது பார்ப்பது, பழுது பார்த்துப் பயனில்லாததைக் கழற்றிப் புதிது மாட்டுவது எல்லாம் அவள் ஒருத்தியே. கதவைத் திறக்கிறவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மெக்கானிக் எங்கம்மா?" என்பார்கள். "வந்தாச்சுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றுவாள். இந்த ஒரு பதிலை நான் நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன். கேட்டவர்களிடமே மறுபடியும் சொல்லியிருக்கிறேன் என்பது மனைவியின் புகார்.

பெரிய ரோட்டைத் தாண்டி நாற்பத்தெட்டு வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு இருக்கிறது. கட்டடமும் பழசு, உள்ளே ஓடுகிற மெஷின்களும் பழசு. அதன் செக்ரட்டரி அம்மா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லா வீட்டு ஏசிகளையும் வருடம் முழுக்கப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும் என்று தேடியவர், பாப்பாவைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார்.

"முதல்ல என் வீட்டு ஹால்ல புதுசு மாட்டிக் காட்டு. ஞாயித்துக்கிழமை கமிட்டி அங்கதான் உக்காரும். அவங்களுக்குப் பிடிச்சா நாப்பத்தெட்டு வீடும் உனக்கு. பிடிக்கலைன்னா பெரிய கம்பெனிக்குப் போயிடும். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

அது மட்டும் கிடைத்துவிட்டால் பாப்பா வீடு வீடாகப் போய் வேலை கேட்க வேண்டாம். ஒரு சின்னக் கடை பிடிக்கலாம், பெயர்ப்பலகை மாட்டலாம். அந்தப் பலகையில் என்ன எழுதுவது என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தாள். எங்களிடம் சொல்லவில்லை. அவள் நோட்டில் எழுதியிருந்ததை நான் பார்த்துவிட்டேன்.

புதன்கிழமை ஹால் வேலையை முடித்தாள். பழைய மெஷின் வெயில் காய்கிற ஜன்னலுக்கு மேலே இருந்தது. புதியதை உள்சுவருக்கு மாற்றினாள், அப்போதுதான் காற்று ஹால் முழுக்கப் பரவுமாம். வெளி மெஷினை நேர் மேலே மொட்டை மாடியில் வைத்துவிட்டாள். சுவர் நெடுக ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பைப் மட்டும் பன்னிரண்டடி ஓடி, பால்கனிச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போயிற்று. துளையைச் சுற்றிப் பூசிக் கொடுக்கிற வேலை எனக்கு. "நாளைக்குப் போய் ஓட்டையை மட்டும் அடைச்சுக் குடுத்துடுங்கப்பா" என்றாள். 'மட்டும்' என்ற வார்த்தையை அழுத்தித்தான் சொன்னாள். என் காதில்தான் அது சரியாக விழவில்லை.

வியாழக்கிழமை அந்தக் குடியிருப்பின் கேட்டில் வாட்ச்மேன் நோட்டை நீட்டிக்கொண்டே, "ஏசிப் பொண்ணோட அப்பாதானே?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. அந்தத் தெருவில் பாதி வீடுகள் நான் பூசியவை.

"மேஸ்திரி. மேஸ்திரின்னு எழுதுப்பா" என்றேன். எழுதினான்.

ஹாலுக்குள் போய் நிமிர்ந்து பார்த்தேன். மெஷின் அம்சமாக இருந்தது. ஆனால் அந்த வெள்ளைப் பைப்! மெஷின் பக்கம் உயர்ந்து, பால்கனிப் பக்கம் சரிந்து இறங்கியிருந்தது. வேறு யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது, எனக்குத் தெரிந்தது. ரசமட்டத்தை எடுத்து மேலே வைத்தேன். குமிழ் ஓர் ஓரமாக ஒதுங்கி நின்றது. எனக்கு மானமே போய்விட்டது. என் மகள் மாட்டிய பைப், கமிட்டி வந்து பார்க்கப் போகிற பைப், இப்படிக் கோணலாகவா இருப்பது? உள்ளே கரண்ட் வயர் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றை ஒருவரிடம் கேட்பது என்பது என் வழக்கத்தில் இல்லை.

செக்ரட்டரி அம்மா சமையலறையில் இருந்தார். மெஷினை ஒட்டிப் பைப்பைப் பிடித்திருந்த முதல் கிளாம்ப்பை அப்படியே விட்டுவிட்டு மற்ற ஐந்தையும் கழற்றினேன். பழைய துளையிலிருந்து ஒரு சாண் தள்ளித் தள்ளிப் புதுத் துளை போட்டு, மட்டம் பிடித்து மாட்டினேன். சுவர்த் துளையின் அடியில் சிமெண்டை வைத்துப் பைப்பை ஏற்றி நிறுத்தினேன். பாப்பா போட்டிருந்த ஐந்து துளைகளையும் பட்டி பார்த்து அடைத்து, தேய்த்து, மேலே பெயிண்ட் தொட்டுவிட்டேன். குமிழ் நட்டநடுவில் வந்து நின்றது. பெண்ணுக்குத் தெரியாமலே பெண்ணைக் காப்பாற்றிவிட்டோம் என்ற பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "பூச்சு காயணும், ஞாயித்துக்கிழமை வரைக்கும் மெஷினைப் போடாதீங்கம்மா" என்று செக்ரட்டரி அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. பூச்சு காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போவதாக மனைவியிடம் சொன்னேன். என் மகளை ஐந்து பேர் புகழ்வதைக் காதால் கேட்கத்தான் போகிறேன் என்று அவளுக்கும் தெரியும். "இஸ்திரி போட்ட சட்டையில பூச்சு பாக்கப் போற மேஸ்திரியை இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றாள்.

ஹாலில் கமிட்டி உட்கார்ந்திருந்தது. செக்ரட்டரி அம்மா ஒரு மணி நேரம் முன்பே மெஷினைப் போட்டுவிட்டதால் அறை ஜில்லென்றிருந்தது. பொருளாளர் மட்டும் மெஷினுக்கு நேர் கீழே நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி இல்லாத மனிதர், பெரிய கம்பெனிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர். நான் பால்கனிக் கதவருகே நின்று என் பூச்சை நானே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறொரு வீட்டில் அவசர வேலையை முடித்துவிட்டு, பாப்பா அப்போதுதான் பையோடு வந்து நின்றாள்.

"சத்தமே இல்லையே" என்றார் ஒருவர். "நல்லாத்தான் குளிருது" என்றார் இன்னொருவர். என் நெஞ்சு சட்டைப் பொத்தானைத் தெறிக்க வைக்கப் பார்த்தது.

பொருளாளர் தலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். அடுத்த சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது.

"என்னம்மா இது, வீட்டுக்குள்ள மழையா?" நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நான் அப்பவே சொன்னேன். சின்னப் பொண்ணு, ஸ்கூட்டர்ல வருது, போகுதுன்னு. யாராவது கேட்டீங்களா?"

பாப்பா ஓடிப்போய் மெஷினை நிறுத்தினாள். கீழே பக்கெட்டை வைத்தாள். பிறகு அவள் பார்வை அந்தப் பைப்பின்மேல் மெஷினிலிருந்து பால்கனி வரை மெதுவாக நகர்ந்தது. கிளாம்ப் கிளாம்ப்பாக நகர்ந்து என் சிமெண்டில் வந்து நின்றது. அங்கிருந்து என் முகத்துக்கு வந்தது. கண் சிமிட்டுகிற நேரம்தான். உடனே திரும்பிக்கொண்டாள்.

"என் தப்புதாங்க" என்றாள் கமிட்டியைப் பார்த்து. "மெஷின்ல சேர்ற தண்ணி இந்தப் பைப் வழியாத்தான் வெளிய போகணும். பைப்புக்கு வாட்டம் பத்தல. பத்து நிமிஷத்துல சரி பண்ணிடறேன்."

தண்ணீர் ஓட வேண்டிய இடத்தில் நாங்கள் விடுகிற சரிவுக்குத்தான் வாட்டம் என்று பெயர். மொட்டை மாடிக்கு விட்டிருக்கிறேன், குளியலறைக்கு விட்டிருக்கிறேன். வாட்டம் பார்க்காத எத்தனையோ ஆட்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறேன். அந்தப் பைப்புக்குள் ஓடுவது தண்ணீர் என்று மட்டும் தெரிந்திருந்தால் தொட்டிருப்பேனா? அவள் விட்ட வாட்டத்தை, முப்பத்தொரு வருட மேஸ்திரி நான், ரசமட்டம் வைத்து அழித்திருக்கிறேன்.

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் அதோடு முடிந்துவிடும். என் பெயர் அப்படியே இருக்கும், அவள் பெயர் கெடும். பக்கெட்டில் சொட்டு விழுகிற சத்தம் கேட்டது. மூன்று சொட்டுவரை பேசாமல் நின்றேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த மூன்று சொட்டுக்காக இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"அவ தப்பு இல்லைங்க. நான் பண்ணினது" என்றேன். "அவ வாட்டம் விட்டுத்தான் மாட்டியிருந்தா. கோணல்னு நெனச்சு நான்தான் நேராக்கினேன்."

பொருளாளர் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "பெத்தவர் இல்லையா, விட்டுக் குடுப்பீங்களா?"

"மேஸ்திரி, உங்க பாசம் எனக்குப் புரியுது" என்றார் செக்ரட்டரி அம்மா. "ஆனா கழட்டி மாட்டினதுக்குச் சுவத்துல ஒரு அடையாளமாவது இருக்கணுமே. ஒண்ணும் காணோமே."

அடையாளம் தெரியாமல் அடைப்பதில்தானே நான் பெயர் எடுத்தவன்! நானே கிட்டப் போய்ப் பார்த்தேன். எனக்கே தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் கைவேலைமேல் எனக்கு ஆத்திரம் வந்தது. பாப்பாவின் பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை உருவினேன்.

"அப்பா, விடுங்க. சுவர் பாழாயிடும்."

"ஆகட்டும். எத்தனை அடிக்கு ஒண்ணு போட்டே?"

அவள் பையிலிருந்து டேப்பை எடுத்து நீட்டினாள். பிறகு, "ரெண்டடிக்கு ஒண்ணு" என்றாள்.

முதல் கிளாம்ப்பிலிருந்து டேப்பைப் பிடித்து, இரண்டடியில் பெயிண்டைச் சுரண்டினேன். பட்டி உதிர்ந்து துளை தெரிந்தது. அடுத்த இரண்டடி, அடுத்த துளை. என் அழகான சுவரை நானே குத்திக் கிளறிக்கொண்டு ஏணியும் நானுமாக நகர்ந்தேன். இஸ்திரிச் சட்டை முழுக்க வெள்ளைப் பொடி. ஐந்து துளைகளும் வெளியே வந்தன. முதல் கிளாம்ப்பின் ஆணியிலிருந்து கடைசித் துளைக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டினேன். மீதி நான்கும் நூலுக்கு அடியில் சொல்லி வைத்தாற்போல் நின்றன.

செக்ரட்டரி அம்மா எழுந்து ஒரு ஸ்கேலை எடுத்து வந்தார். என்னைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு தானே ஏணியில் ஏறினார். என் கிளாம்ப்புகளின் ஆணிகள் மட்டமாக நிற்கிற வரிசையிலிருந்து பாப்பாவின் துளைகள் எவ்வளவு கீழே என்று ஒவ்வொன்றாக அளந்து, வகுப்பில் படிப்பதுபோல் உரக்கப் படித்தார்.

"கால் அங்குலம். அரை. முக்கால். ஒண்ணு." கடைசித் துளையில் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டு தடவை பார்த்தார். "ஒண்ணேகால்."

என் வரிசையும் மயிரிழை பிசகாமல் நேராக இருந்ததை ஒருவராவது கவனித்தார்களா என்றால், இல்லை. எனக்கும் அது பெரிதாகப் படவில்லை. ஐந்து துளை, ஒவ்வொன்றுக்கும் கால் அங்குலம். மடக்கு ஏணியில் தனியாக நின்று, பிடித்துக்கொள்ளக்கூட ஆள் இல்லாமல் அவள் போட்டது. என் ஆட்கள் மூன்று பேர் சேர்ந்தாலும் இப்படி வராது. நான் போட்டாலும் வருமா என்று எனக்குள் கேட்டுப் பார்த்தேன். கேட்டதோடு சரி.

பாப்பா பைப்பைக் கழற்றித் தன் துளைகளிலேயே மாட்டினாள். அவள் கேட்காமலே நான் பால்கனித் துளையில் என் சிமெண்டைக் கொத்தி எடுத்தேன். பிறகு அவள் ஒரு குவளைத் தண்ணீரை மெஷினுக்குள் ஊற்றி, "எல்லாரும் பால்கனிக்குப் போய்ப் பாருங்க" என்றாள். கமிட்டி மொத்தமும் போய்க் குனிந்து நின்றது. ஊற்றிய தண்ணீர் தடையில்லாமல் வந்து கொட்டியது. பொருளாளர் கையை நீட்டி நனைத்துப் பார்த்தார்.

"எங்க வீட்டு மெஷினை முதல்ல பாத்துடும்மா" என்றார். "அது தலையில சொட்டறதில்ல, கட்டில்லயே சொட்டுது."

செக்ரட்டரி அம்மா என்னிடம், "நாளைக்கு வந்து உங்க ஓட்டையை எல்லாம் அடைச்சுடுங்க மேஸ்திரி. அதை மட்டும்" என்றார்.

ஸ்கூட்டரில் அவள் பின்னால் உட்கார்ந்து திரும்பும்போது அவள் காதருகே குனிந்தேன். "எதுக்கு பாப்பா உன் தப்புன்னு சொன்னே? நாப்பத்தெட்டு வீடும்மா."

"வீடு வேற கிடைக்கும்பா. மேஸ்திரி தப்பு பண்ணிட்டார்னு நாலு பேர் சொன்னா நீங்க ஒரு மாசம் சாப்பிட மாட்டீங்க."

கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்தக் கால் அங்குலக் கணக்கு என் வேலையைப் பாத்துக் கத்துக்கிட்டதுதானே?" என்று கேட்டேன்.

"நெனப்புதான்! கம்பெனியில கத்துக்கிட்டது" என்று சொல்லி ஸ்கூட்டரை விரட்டினாள்.

நடந்ததை எல்லாம் கேட்ட என் மனைவி, "முப்பது வருஷத்துல முதல் தடவையா தப்பை ஒத்துக்கிட்டிருக்கீங்க. அதைப் பாக்க எனக்குக் குடுத்து வைக்கலையே" என்று வருத்தப்பட்டாள். உண்மையான வருத்தம்தான்.

மறுநாள் பட்டி டப்பாவோடு போனேன். என் ஐந்து துளைகளை அடைக்க வேண்டும். வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் நோட்டைப் புரட்டி, "மேஸ்திரிதானே?" என்று பேனாவைத் திறந்தான்.

"குடு, நானே எழுதறேன்" என்று பேனாவை வாங்கினேன். யார் என்று கேட்டிருந்த கட்டத்தில், 'ஏசி மெக்கானிக்கின் அப்பா' என்று எழுதினேன். நின்றபடியே எழுதியதில் வரி ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கியிருந்தது. அதை நான் நேராக்கவில்லை.