ஒரு வாளிச் சாணி

பத்து வேலி நிலத்துக்காரர் கோவிந்தராசு ஒரு வாளிச் சாணிக்கு அலைஞ்சாருன்னா நம்புவீங்களா? நம்புங்க, அலைஞ்சாரு.

குப்பையிலேர்ந்து கேஸ் எடுக்கறேன்னு கொல்லையில பெரிய தண்ணித்தொட்டியை வச்சு, குழாய் சொருகி, வாசல்ல தன் படம் போட்ட பிளக்ஸும் கட்டிட்டாரு: ‘எங்கள் வீட்டுக் குப்பையில் எங்கள் வீட்டுச் சமையல்.’ அடுப்பு எரியறதுக்கு முன்னாடியே சிலிண்டர் ரெண்டையும் நன்னிலத்துத் தங்கச்சிக்குத் தானம் பண்ணிட்டாரு, மகராசன்!

முதல்ல பச்சைச் சாணியைக் கரைச்சு ஊத்தணும். அப்பதான் உள்ள நொதிச்சு கேஸ் வரும். அவருதான் டிராக்டர் வந்ததும் மாட்டையெல்லாம் வித்தாச்சே. இப்ப மாடு நிக்கிறது எங்க தெருவுலதான். எங்க தெருவுக்கு வர்றதா? சிவசிவா! போன்ல வறட்டி வாங்கி ஊறப்போட்டாரு. வறட்டிக்கு உசுரு வருமா? அதுக்கு மேல கொட்டுன மீந்த சாம்பாரு புளிச்சு நாறுனதுதான் மிச்சம். சிலிண்டர் போன வழியே அவரு சம்சாரம் மங்களாம்பிகையும் நன்னிலம் போயிட்டாங்க, அடுப்பு எரிஞ்சாத்தான் வருவேன்னு.

ஒன்றரை மாசம் ஓட்டல் இட்லி தின்னுட்டு, ஒருநாள் காலையில வாளியோட என் வாசல்ல நின்னாரு. என் மக கயல்விழி நீல டிரம்முல கட்டுன சாணி கேஸ் மூணு வருசமா எரியுது.

“அம்சம், கொஞ்சம் சாணி...”

“அதுக்கென்னங்க, தாராளமா. உள்ள வந்து ஒரு வாய் டீ குடிச்சிட்டு எடுத்துக்குங்க.”

எனக்கு அது ஒண்ணுதான் வேணும். எங்க அம்மா அவரு வயல்ல நாப்பது வருசம் நாத்து நட்டுச்சு. எங்க வீட்டுல ஒரு சொட்டுத் தண்ணி குடிச்சதில்ல அந்தக் குடும்பம். எங்க சாணிக்குத் தீட்டு இல்லையாம், தண்ணிக்கு மட்டும் இருக்காம்!

“எனக்கு சுகரும்மா.”

“சீனி போடலைங்க.”

தெருவை இந்தப் பக்கம் பாத்தாரு, அந்தப் பக்கம் பாத்தாரு. வாளியைப் பாத்தாரு. உள்ள வந்து, உக்காந்து, மருந்து குடிக்கிற மாதிரி மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சாரு. எனக்கு வயிறு குளுந்துச்சு.

அவரு வீட்டுக் கொல்லையில எங்க அம்மாவுக்குன்னு ஒரு தம்ளர் இருந்துச்சு. குடிச்சதும் அம்மாவே கழுவிக் கவுத்து வைக்கணும். மறந்தா, வரப்பு வரைக்கும் கேக்கும் இவரு அதட்டல்.

வாளியைத் தூக்கிக்கிட்டு அவசரமா எழுந்தாரு.

“ஐயா”ன்னேன், மரியாதையாத்தான். “தம்ளரைக் கழுவிக் கவுத்துட்டுப் போங்க.”