கேட்டுவிட்டு வாயை மூடு

நன்கொடை கேட்கும் வேலைக்குச் சேர்ந்த அன்றே சீனியர் அக்கா எனக்கு ஒரு சட்டம் போட்டுவிட்டாள். என்னைவிட அவளுக்கு நாலு வயதுதான் கூடுதல். அதட்டல் மட்டும் தலைமை ஆசிரியைக்கு உள்ளது.

“தொகையைச் சொல்லு. சொன்னதும் வாய்க்குப் பூட்டு. தலையே போனாலும் நீ முதல்ல பேசக் கூடாது. பேசினா நாமளே பேரம் பேசிக் குறைச்சுடுவோம்.”

நான் போன இடத்திலெல்லாம் அப்படித்தான் குறைத்துவிட்டு வந்தேன். எதிரில் இருப்பவர் யோசிக்க ஆரம்பித்தாலே எனக்குப் படபடப்பு. ‘பாதி கொடுத்தாலும் போதுங்க’ என்று உளறிவிடுவேன். வெளியே வந்ததும் அக்கா வறுத்தெடுப்பாள்.

அன்று டைல்ஸ் கம்பெனி முதலாளியைப் பார்க்கப் போனோம். சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வரும் குழந்தைகளும் அவர்கள் அம்மாக்களும் தங்க எங்கள் நிறுவனம் ஒரு விடுதி நடத்துகிறது. மாதக் கடைசிக்குள் பணம் கட்டாவிட்டால் கட்டடத்தைக் காலி செய்ய வேண்டும். மற்ற இடங்களில் எல்லாம் கையை விரித்துவிட்டார்கள்.

“இதையும் சொதப்பினா இனிமே என்கூட வராதே” என்றாள் அக்கா, லிஃப்டில்.

முதலாளி வயதானவர், அறையில் தனியாக இருந்தார். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்ததைப் பார்த்து, “பயப்படாதம்மா, நான் கடிக்க மாட்டேன்” என்று சிரித்தார். தொகையைச் சொன்னேன். வாயை மூடிக்கொண்டேன்.

அவர் பேசவில்லை. ஏசி சத்தம் மட்டும் கேட்டது. மேஜைக்கடியில் அக்காவின் செருப்பு என் கால்மேல் ஏறி உட்கார்ந்தது. இப்போது பேசினால் அத்தனை குழந்தைகளும் தெருவில் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் பேனாவை எடுக்கப் போனார். விரல்கள் பிடிக்கவில்லை. பேனா உருண்டு கீழே விழுந்தது. உதடு ஒரு பக்கமாகத் தொங்குவது போலிருந்தது. திரும்பி அக்காவைப் பார்த்தேன். புன்னகை மாறாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பு இன்னும் அழுத்தியது. எத்தனை பேரைப் பார்த்தவள், அவளுக்குத் தெரியாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வாயோரம் எச்சில் வழிந்தது.

“ஐயா! உங்களுக்கு என்ன செய்யுது?”

காலை உதறிக்கொண்டு எழுந்து கத்தியே விட்டேன். அவர் ஏதோ குழறினார். நாற்காலியிலிருந்து சரிந்தவரைத் தாங்கிப் பிடித்தேன். என் அலறலைக் கேட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள்.

மருத்துவமனைக்கு நாங்களும் கூடவே போனோம். டாக்டர் வேகமாக வெளியே வந்தார்.

“பக்கவாதம். எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சாத்தான் மருந்து கொடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண முடியும். கூட இருந்தது யாரு?”

“நாங்கதான். பேனா கீழ விழுந்தப்ப…” என்று நான் ஆரம்பித்தேன்.

“இல்ல, அதுக்கு முன்னாடியே” என்றாள் அக்கா. “இவ தொகையைச் சொல்லி முடிச்சதுமே அவர் முகம் ஒரு பக்கமா இழுத்துச்சு. நான் பார்த்தேன்.”

டாக்டர் நேரத்தைக் கேட்டுக்கொண்டு உள்ளே ஓடினார்.

“பார்த்துட்டு ஏன்க்கா பேசாம இருந்தே?”

“பேசினா பணம் போயிடும்னு நினைச்சேன்டி” என்று சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். அவள் கை என் கையைத் தேடி வந்தது. கொடுக்க எனக்குப் பயமாக இருந்தது.