மடக்கிய விரல், மடங்கிய விரல்

கணினித் திரையில் சிவப்பும் நீலமுமாகச் சிதறிக் கிடந்த புள்ளிகளைச் சல்லடை கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். சல்லடை என்பது முத்துச் சந்தை அவளுக்கு வைத்த பெயர். சொத்தை முத்து எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை. பக்கத்து நாற்காலியில் அவள் புருஷன். அவரும் முத்து வியாபாரிதான், ஆனால் பட்டப்பெயர் வாங்குகிற அளவுக்கு இல்லை.

"இதெல்லாம் உங்க ரத்தத்துல இருக்கற எதிர்ப்பு அணுக்கள்மா," என்றார் மூட்டு டாக்டர். "இனம் இனமாப் பிரிச்சுப் பார்த்திருக்கோம். கிருமியை அடிக்க வேண்டியதுங்க, உங்க மூட்டையே அடிக்குதுங்க. உங்களுக்குள்ள ஆட்டம் போடறது இந்த நீலக் கூட்டம்."

"இத்தனை நாள் எந்தக் கூட்டத்துக்கு மருந்து குடுத்தீங்க?"

"பொதுவா எல்லாருக்கும் குடுக்கறதைத்தான் குடுத்தோம்."

"அளவெடுக்காமலே சட்டை தைச்சிருக்கீங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். "இப்ப அளவெடுத்தாச்சு. நீலத்தை அடக்கற மருந்து இருக்கு. ஏத்தினா தொற்று வர வாய்ப்பு கொஞ்சம் கூடும். பலிக்கும்னு சத்தியமும் பண்ண மாட்டேன். ஆனா தள்ளிப்போட்டா விரலெல்லாம் இப்படியே நின்னுடும். யோசிச்சுச் சொல்லுங்க."

வெளியாள் முன்னால் வாய்விட்டு யோசிக்கிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. அவர் நாற்காலியை நகர்த்தி, அவளுடைய சால்வைக்குள் கையை விட்டார். சந்தையில் பேரம் துணிக்கு அடியில்தான் நடக்கும். நிமிர்ந்த விரல் முழுசு, மடக்கிய விரல் பாதி, உள்ளங்கையை அழுத்தினால் முடிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு இந்தப் பாஷை வீட்டுக்கும் வந்துவிட்டது. விருந்தாளியை இன்னும் உட்காரச் சொல்வதா, கிளம்ப விடுவதா, எல்லாம் சால்வைக்குள்தான். மகளைப் பெண் பார்க்க வந்தபோதும் அப்படியே. "வாயைத் திறந்து பேசுங்களேன்! என்னை விக்கறீங்களா, வாங்கறீங்களா?" என்று அவள் கத்தியது தெருமுனை வரை கேட்டது.

'ஏத்திக்கிறயா?' என்று விரலால் கேட்டார். வீங்கிச் சூடேறிய விரல் ஒன்று அவர் கையில் வந்து நின்றது.

"பாதி டோஸ் போதுங்களாம்," என்றார் டாக்டரிடம்.

"யாருங்க சொன்னா பாதின்னு?"

"நீதானே விரலை மடக்கின?"

"நான் மடக்கலைங்க. அதுவா மடங்கியிருக்கு."

அவர் சால்வைக்குள்ளேயே அந்த விரலை இன்னொரு தடவை தடவிப் பார்த்தார். காய்ச்சலில் படுத்த அப்பாவுக்குப் பதிலாக அவள் சந்தைக்கு வந்த அன்று, துணிக்கு அடியில் முதல்முறை அந்த விரல்களைப் பிடித்ததும் எண்ணவே மறந்துபோய், கழிசலை நல்ல முத்து விலைக்கு வாங்கி வந்தவர் அவர். "சரக்குக்குக் குடுத்த விலையா, கையைப் பிடிச்சதுக்கா?" என்று கூட்டாளி தலையில் அடித்துக்கொண்டான். அவள் விரல்கள் ஈர்க்குச்சி மாதிரி இருக்கும் அப்போது. கல்யாண வீட்டுக் கூட்டத்தில் சுண்டுவிரலை லேசாகத் தட்டுவாள். எதிரே பேசிக்கொண்டிருப்பவர் அசல் பொய்யர் என்று அவருக்குப் புரிந்துவிடும். அந்தக் கையை எவ்வளவு காலமாகத் தப்பாகப் படித்துக்கொண்டிருக்கிறோம்? போன தடவை மகள் வீட்டில் 'கிளம்பலாம்' என்றாளா, 'இன்னும் இருக்கலாம்' என்றாளா? அவர்பாட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வழியெல்லாம் அவள் பேசவேயில்லை.

"முழுசாவே ஏத்துங்க டாக்டர்," என்றாள் சல்லடை, வாயால். "இவருக்கு இனிமே புதுசா வேற பாஷையா பழக்க முடியும்?"

மருந்து ஏற்றும் அறையில் சன்னல் திரையை இழுத்துவிட்டுப் போனாள் நர்ஸ். சொட்டுச் சொட்டாக இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அவள் தூங்கிப்போனாள். ஊசி குத்தாத கை போர்வைக்கு வெளியே கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று குனிந்தார். ஆள்காட்டி விரல் அசைந்தது, நின்றது, அடுத்த விரல் தயங்கித் தயங்கி எழப் பார்த்தது. தூக்கத்தில் யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருந்தாள். எதிராளி யார், எவ்வளவுக்குக் கேட்கிறான் என்று மூச்சை அடக்கிக்கொண்டு அவர் பார்த்திருந்தார்.