இரண்டு நாற்காலிக்கு ஓர் ஆள்

கழுவிய கருவிகளைக் கிருமி போக்கும் ஆட்டோகிளேவுக்குள் அடுக்கி முடித்தபோது நேசபாய்க்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. தக்கலையில் அந்தப் பல் ஆஸ்பத்திரியில் நாற்காலி இரண்டு. டாக்டருக்கு உதவியாக அவளும், முட்டத்திலிருந்து பஸ் ஏறி வரும் ஞானசெல்வியும்.

டாக்டர் ஷாஜன் இருவரையும் மேசைக்கு அழைத்தார். அவருடைய மச்சினன் ஜெனின், கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தான். போன வாரம் முழுக்க மூலையில் உட்கார்ந்து, எந்த வேலைக்கு எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக்கொண்டு போனவன் அவன்.

அந்த வாரத்தை நினைத்தாலே மூச்சு வாங்கும். "ஏட்டி செல்வி, வெளியாளு பாக்கியான். மானம் போயிரப்பிடாது கேட்டியா? சோறு பொறவு தின்னலாம்" என்று நேசபாய்தான் விரட்டினாள். விருந்துக்காரர் வந்தால் நாலு கறி கூட வைப்போமே, அந்த வீம்புதான். மூத்திரத்துக்குக்கூடப் போகாமல் பறந்தார்கள் இரண்டு பேரும்.

இப்போது திரையில், அந்த நேரக் கணக்கை வைத்து ஓடும் ஆஸ்பத்திரியின் படம். சிவப்புப் புள்ளிகள் நோயாளிகள். பச்சை இரண்டும் இவர்கள். ஜெனின் ஒரு பச்சையை அழித்தான். மற்றது இரண்டு நாற்காலிக்கும் இடையே ஓடியது. சிவப்பு எங்கேயும் தேங்கவில்லை.

"ஒரு ஆளு போதும்னு வருது அத்தான்."

நேசபாய் மேசையை நெருங்கினாள். "தம்பி, அது ஆளு பாக்கியானேன்னு ஓடுன ஓட்டம்லா! தெனமும் அப்பிடி ஓட ஒக்குமா?"

"ஓடிக் காட்டியாச்சே, பொறவென்ன?" என்றார் டாக்டர். செல்வியின் முகத்தைப் பார்க்காமல், "கடைசியா சேந்தது நீதான செல்வி. இன்னைக்கே நின்னுக்கோ" என்றார்.

செல்வியின் புருஷன் கிளீட்டஸ் கடலில் முதுகு ஒடிந்து வீட்டில் கிடக்கிறான். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அவள் நேசபாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்கதானக்கா ஓடச் சொன்னிய" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. பாவி, என் வாயாலேயே இவள் சோற்றில் மண்ணைப் போட்டேனே என்று நேசபாய் தன்னையே நொந்துகொண்டாள்.

செல்வி பச்சைக் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தாள். பையைத் தோளில் மாட்டினாள். அதற்குள் உள்ளே இரண்டு நாற்காலியிலும் டாக்டர் வேலையைத் தொடங்கிவிட்டார். ஒரு நாற்காலியில், முன்பே மரத்துப்போக ஊசி போட்டிருந்த கிழவர், டாக்டர் பல்லைப் பிடுங்கியதும் வாயில் ரத்தத்தோடு இரும, நேசபாய் உறிஞ்சுகுழாயோடு அங்கே ஓடினாள். அடுத்த நாற்காலியில் ஒரு பிள்ளை அலறித் துள்ளியது.

"செல்வி, பிள்ளைக்க தலையப் பிடி!" என்று டாக்டர் பழக்கத்தில் கத்தினார்.

வாசல்வரை போனவள் பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். மேசைமேல், திரையில், அந்த ஒற்றைப் பச்சைப் புள்ளி ஓடிக்கொண்டே இருந்தது.