பிளக்கைப் பிடுங்கியதும் அடங்கிய கார்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஏதோ ஒரு மாலைப் பொழுதில் மனத்தில் துளிர்த்தது என்றெல்லாம் எழுத என் பேனா வளையாது. என் மகள் கார் பட்டறை நடத்துகிறாள். அவளுடைய மாமனார், அதாவது என் சம்பந்தி, அங்கே நாலு பேர் முன்னால் நின்றுகொண்டு, தன் காரிலிருந்த நல்ல பாகத்தைக் கழற்றிவிட்டுச் செத்ததை மாட்டிவிட்டார்கள் என்றார். திருட்டுப் பட்டம் சுமந்தவர் எங்கள் குடும்பத்தில் கிடையாது. ஆகவே எழுதுகிறேன்.

"மழை பெய்துகொண்டிருந்த அந்த"

மழை பெய்யவில்லை. பழியைத் துடைக்க வந்தவன் பொய்யில் தொடங்கக் கூடாது.

2

(என்னைப் "பெரியவர்" என்றே வைத்துக்கொள்கிறேன். "நான்" என்று எழுதினால் ஒருபக்கமாகப் பேசுகிறேன் என்பார்கள். பேசத்தான் போகிறேன். இருந்தாலும் ஒரு மரியாதை.)

பெரியவர் நுழைந்தபோது மகள் காரின் பானெட்டைத் தூக்கி வைத்திருந்தாள். வண்டி நின்ற இடத்திலேயே இருமல்காரனைப்போல் குலுங்கியது. சம்பந்தி கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றார்.

"வாங்க சம்பந்தி. பிரேக் பார்க்கத்தான் குடுத்தேன். மூச்சையே எடுத்துட்டாங்க."

"யாரு எடுத்தது?"

"நான் பேர் சொல்லலையே. மூச்சு தானா போயிடுமா?"

"என் பொண்ணு பட்டறையில நின்னுக்கிட்டு, பேர் சொல்லலைங்கிறீங்க."

"அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் மகள். "மாமா, நீங்க இப்படி வந்து பாருங்க."

காற்று வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே குழாயில் உட்கார்ந்திருப்பது ஏர் ஃப்ளோ மீட்டர். உள்ளே முடி கனத்தில் ஒரு சூடான கம்பி. போகிற காற்று அதை எவ்வளவு குளிரவைக்கிறது என்பதை வைத்து, உள்ளே வரும் காற்றின் அளவை மீட்டர் சொல்லும். அதற்குத் தக்கபடி பெட்ரோல் இறங்கும். மீட்டர் தப்பாகச் சொன்னால் எஞ்சின் தடுமாறும்.

"வண்டி ஓடும்போதே இதோட பிளக்கை எடுக்கிறேன். மீட்டர் நல்லா இருந்தா வண்டி இன்னும் மோசமா தடுமாறணும். கெட்டிருந்தா தடுமாற்றம் அடங்கும்."

பிடுங்கினாள். எச்சரிக்கை விளக்கு எரிந்தது. குலுக்கல் நின்றது. கோள் சொல்பவன் எழுந்து போன வீட்டைப்போல எஞ்சின் அமைதியாக ஓடியது.*

"பார்த்தீங்களா?" என்றார் சம்பந்தி. "செத்த மீட்டர். இதைத்தானே நானும் சொல்றேன்."

பெரியவருக்கு ரத்தம் தலைக்கேறியது. நியாயம் கேட்டு வைத்த சோதனை, எதிராளிக்கே சாட்சி சொன்னது. மீட்டர் கெட்டது என்று சோதனை சொல்லும். கெடுத்தது யார் என்று சொல்லாது.

* இந்த உவமை எவரையும் குறிப்பிடுவதல்ல. குறிப்பிடுவதாக எவருக்காவது தோன்றினால் நான் பொறுப்பல்ல.

3

மகள் மீட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். கம்பி வளைந்திருந்தது. அதில் ஒரு பச்சை நூலிழை. அவள் அதை நகத்தால் எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"மீட்டர் போயிடுச்சு மாமா. புதுசு போட்டுத் தர்றேன்."

"அப்ப ஒத்துக்கிறே."

அவள் பானெட்டை இறக்கி மூடினாள். சம்பந்தி போன பிறகு பெரியவர் பிடித்துக்கொண்டார்.

"வாயில்லையா உனக்கு? அது என்ன நூலு?"

"உங்க மாப்பிள்ளை கண்ணாடி துடைக்கிற துணி. பிரேக் வேலை முடிஞ்சு வண்டியை அவர்தானே வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாரு. மாமா கைக்குப் போறதுக்குள்ள பளபளன்னு இருக்கணுமே. எல்லாத்தையும் கழட்டித் துடைச்சிருக்காரு. கம்பியையும் சேர்த்து."

சம்பந்தி எதையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்வார். அவர் தொண்டையைச் செருமினால் மாப்பிள்ளை இன்றும் எழுந்து நிற்பார், தலை நரைக்கத் தொடங்கிய பிறகும்.

"அதைச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா புள்ளைய உரிச்சு எடுத்துடுவாரு. எனக்குக் கையில வேலை இருக்குப்பா. பேரு திரும்பி வரும்."

"திருட்டுப் பேரு வரும்."

"உங்க மானத்தைக் கொண்டுபோய் என் புருஷன் தலையில கட்டாதீங்க."

4

முடிவு ஒன்று: சம்பந்தி பட்டறை வாசலில் நின்று, நாலு பேர் முன்னால், கைகூப்பி

எழுதிப் பார்த்தேன். கூப்ப மறுக்கிறார். என் சொந்தக் கதையிலேயே அவர் என் பேச்சைக் கேட்பதில்லை.

முடிவு இரண்டு: மாப்பிள்ளை தன் அப்பா முன்னால் நிமிர்ந்து நின்று, "நான்தாம்பா துடைச்சேன்" என்கிறார்.

இது நல்ல முடிவு. நடக்கவில்லை, அவ்வளவுதான். என்னிடம் வந்தார். "மாமா, நானே அப்பாகிட்ட சொல்லிடறேன். கொஞ்சம் நேரம் பார்த்து," என்றார். இன்னும் நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். எதிரே பட்டறை வைத்திருப்பவனோ, "சொந்த மாமனார் வண்டியிலேயே கைவெச்ச பொண்ணு" என்று சொல்லி ஆள் பிடிக்கிறான்.

5

மகள் இதுவரை எழுதியதைப் படித்தாள். ஓரத்தில் அவள் கட்டைவிரலின் கிரீஸ் கறை பட்டது.

"நல்லாத்தான் இருக்கு. அவரா வாயத் திறந்து சொல்ற வரைக்கும் யாருக்கும் குடுக்கக் கூடாது. சரின்னு சொல்லுங்க."

"சரி," என்றேன்.

ஆக, இதை நீங்கள் அச்சில் படிக்கிறீர்கள் என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை பேசிவிட்டார். அல்லது, மகளுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறிவிட்டேன். எது என்று சொல்ல மாட்டேன். என்னை எப்படிப்பட்டவன் என்று மதிக்கிறீர்களோ அதன்படி நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தி எப்படி முடிப்பார் என்பது எனக்குத் தெரியும்.