அக்காவின் வக்கீல்

என் அக்கா மேல் பழி விழுந்து மூன்று நாளாகிவிட்டது. அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

நாங்கள் இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே மேசையில் வேலை செய்கிறோம். ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்து, துணியில் பொட்டலம் கட்டி, நீராவி இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். உள்ளே ஒரு காகிதப் பட்டை வைப்போம். சூடு சரியாக ஏறினால் அது கறுக்கும். வெளியே, கட்டியவரின் கையெழுத்தோடு லேபிள். ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? ஷிப்ட் தொடங்கும்போதே ஒரு கட்டு லேபிளில் போட்டு வைத்துவிடுவோம். கூடாதுதான். எல்லோரும் செய்கிறோம்.

போன வியாழக்கிழமை, அக்காவின் கையெழுத்திருந்த ஒரு பொட்டலத்தைப் பிரித்தால், கத்தரியின் மூட்டில் காய்ந்த ரத்தம். நல்லவேளை, யார் உடம்பிலும் படுவதற்கு முன்பே பார்த்துவிட்டார்கள். பெரிய டாக்டர் தாம்தூம் என்று குதித்தார். மேட்ரன் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். புதன்கிழமைக்குள் ஒழுங்கான பதில் வராவிட்டால் வேலை போய்விடும். பதினாலு வருட வேலை.

"அதை நீயா கட்டின?" என்று கேட்டேன்.

"என் கையெழுத்து இருக்கு."

"நான் கேட்டது அது இல்ல."

"விடு. என் வழக்கைக் கர்த்தர் பார்த்துப்பார்."

"ஓஹோ! உன் வக்கீல் எப்ப கோர்ட்டுக்கு வருவாராம்? வழியில டிராபிக்கா?"

"ஆண்டவரைப் பத்தி மரியாதையா பேசுடி," என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அந்த நிதானம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

நானும் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவள்தான். ஆனால் சும்மா உட்கார எனக்கு வராது. அன்று சாயங்காலம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சத்தமாக ஜெபித்தேன். "ஆண்டவரே, பைபிள்ல அந்த விதவை நீதிபதியை விடாம நச்சரிச்சதால அவளுக்கு நியாயம் கெடைச்சதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நானும் நச்சரிக்கிறேன். இந்தத் தப்பைச் செஞ்சிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி சுத்துற ஆளைச் சும்மா விடாதீங்க. எல்லார் முன்னாடியும் தலை குனிய வைங்க!" அடுத்த அறையில் அக்கா இருமினாள்.

அந்த ஆள் யாரென்று நானே முடிவும் கட்டிவிட்டேன். எங்கள் மேசையின் மூன்றாவது ஆள், சுருட்டைமுடிக்காரி. அவளோடு பேச்சை நிறுத்தினேன். அவளுடைய டீ டம்ளரை எங்கள் அலமாரியிலிருந்து எடுத்துக் கழுவுதொட்டி ஓரமாக வைத்தேன். "நான் என்னக்கா பண்ணினேன்?" என்று கேட்டாள். "உன் மனசாட்சியைக் கேளு," என்றேன்.

செவ்வாய்க்கிழமைதான் எனக்குப் பொறி தட்டியது. அக்காவுக்கு ஒரு பழக்கம். பட்டையின் பின்பக்கம் பென்சிலால் பைபிளில் உள்ள ஒரு சங்கீதத்தின் எண்ணைப் பொடியாக எழுதுவாள். அந்தக் கருவி யார் உடம்புக்குப் போகிறதோ அவருக்காக ஒரு ஜெபம். நான் பட்டையின் மூலையைக் கிள்ளி இரண்டாக மடிப்பேன், இல்லாவிட்டால் கையுறையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். "பட்டையைக்கூட கிள்ளாம விடமாட்டியா?" என்று அக்கா கேலி செய்வாள். பொட்டலத்தைப் பிரித்ததும் பட்டையை நோயாளியின் ஃபைலில் சேர்ப்பார்கள். அதில் எண் இல்லையென்றால் பொட்டலம் அக்கா கட்டியதில்லை!

புதன்கிழமை காலை அக்காவைக் கூப்பிட்டார்கள். நானும் பின்னாலேயே நுழைந்தேன். "உன்னை யார் வரச் சொன்னது?" என்றார் மேட்ரன்.

"யாரும் சொல்லல மேடம். ஒரு அப்பாவியோட வேலையைப் பறிக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பட்டையைத் திருப்பிப் பாருங்க. எங்க அக்கா நம்பர் எழுதாம பட்டையே வைக்க மாட்டா."

"வேணாம்டி," என்று அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். நான் உதறினேன்.

மேட்ரன் ஃபைலைத் திறந்து பட்டையை உருவித் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"பாத்தீங்களா!" என்று மேசையில் தட்டினேன். "எவளோ செஞ்சதுக்கு இவ தலையை உருட்டுறீங்க. இது நியாயமா?"

"அப்ப யார் கட்டினது?" என்று மேட்ரன் பட்டையை என் முன்னால் வைத்தார்.

அதன் மூலை இரண்டாக மடிந்திருந்தது.

அந்தப் பொட்டலத்தைக் கட்டிய அன்று என் லேபிள் கட்டு தீர்ந்துபோயிருந்தது. பக்கத்திலிருந்த அக்காவின் கட்டிலிருந்து கேட்காமலே நாலைந்தை எடுத்து ஒட்டினேன். அதை அப்போதே மறந்தும் போனேன்.

"என் லேபிள், என் பொறுப்பு மேடம்," என்றாள் அக்கா அவசரமாக. முதல் நாள் விசாரணையிலேயே இந்தப் பட்டையை அவளுக்குக் காட்டியிருக்கிறார்கள். ஆறு நாளாக அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே என்னோடு சாப்பிட்டாள், என் ஜெபத்தையும் கேட்டாள்.

"நீ சும்மா இரு அக்கா," என்றேன். கோபம் அப்போதும் குறையவில்லை; ஆள்தான் மாறியிருந்தது. "நான்தான் மேடம் கட்டினேன். அவ லேபிளை ஒட்டினதும் நான்தான். அவ மேல ஒரு தப்பும் இல்ல." வாசலில் சுருட்டைமுடிக்காரி டிரேயோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார் மேட்ரன். போட்டேன். அக்காவை வேலைக்குப் போகச் சொன்னார். என்னை மறு உத்தரவு வரும்வரை வீட்டிலிருக்கச் சொன்னார்.

"ஏன்கா சொல்லல?" என்று வெளியே வந்து கேட்டேன்.

"ஆண்டவர்கிட்ட சொன்னேன். அவளே வந்து சொல்ற மாதிரி பண்ணுங்கன்னு."

"நான் சொல்லாம போயிருந்தா? வேலை போயிருக்குமே, பைத்தியமே!"

"போயிருக்கும்," என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே போய், தொட்டி ஓரத்திலிருந்த டம்ளரைத் தேய்த்துக் கழுவி, எங்கள் அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்தேன். பிறகு சுருட்டைமுடிக்காரியைத் தேடிப் போனேன்.