சாப்பாட்டறைக்குத் திரைச்சீலை

இவளுக்கு ஏன் இவ்வளவு அவசரம்? ஆள் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான். அதற்குள் ஜன்னலுக்குத் துணி பார்க்கிறாள்.

ஹெர்மினா கோட்டைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டறை வாசலில் நின்றாள். தம்பி மனைவி டார்லா ஒரு மாதிரித் துணியை ஜன்னல் கண்ணாடியின் மேல் விரித்துப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு அதை மடித்து வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள். அவளுக்குப் பின்னால், மேஜை இருந்த இடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில். அதில் தம்பி வெர்லின். மாடிப்படி ஏற முடியாமல் போனதும் அவனை இங்கே கொண்டுவந்து போட்டார்கள். சாப்பாட்டு மேஜை கார் ஷெட்டுக்குப் போயிற்று.

இன்றோ நாளையோ என்று காலையில் நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. நான் குளிச்சே ரெண்டு நாளாச்சு, கொஞ்சம் பாத்துக்கறீங்களா?" என்றாள் டார்லா.

ஹெர்மினா துணியைப் பார்த்தாள். தடித்த சாம்பல் துணி.

இந்த ஊரில் தெருவைப் பார்த்த சாப்பாட்டறைக்கு யாரும் திரை போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு நடந்து வருகிறவர்கள் யார் வீட்டில் என்ன சூப் என்று பார்த்துக்கொண்டே போகலாம். கையசைத்தால் உள்ளே இருப்பவர்கள் கரண்டியோடு கையசைப்பார்கள். திரை போட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று பேச்சு வரும். ஒமாஹா நகரத்தில் பிறந்தவளுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, இப்போது எதற்குத் திரை? விற்கப்போகிற வீட்டைத்தான் இப்படி ஜோடிப்பார்கள். இது அப்பா கட்டிய வீடு. வெர்லினுக்குப் பிறகு இவள் கைக்குப் போகும். போன வாரம் டை கட்டிய ஒருவன் வந்து, வீட்டைச் சுற்றி நடந்து, கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனதை ஹெர்மினா எதிர்வீட்டில் தன் சமையலறையிலிருந்தே பார்த்தாள். வலிக்குக் கொடுக்கும் மருந்துச் சொட்டுகளையும் பார்த்திருக்கிறாள். டார்லா அவற்றை வெர்லின் நாக்கடியில் விட்டுக்கொண்டே இருந்தாள். நர்ஸ் சொன்ன அளவுதானா என்று யாருக்குத் தெரியும்?

"டை கட்டிட்டு வந்தானே, அவன் வீட்டு புரோக்கர்தானே?" கேட்டே விட்டாள்.

டார்லா துணியை இறக்கினாள். "யாரு, பர்ட்டனா? அவன் எங்கண்ணன். கல்யாண விருந்துல உங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தான். ஒரு மணி நேரம் அவங்கிட்ட மக்காச்சோள விலையப் பத்திப் பேசினீங்க."

ஹெர்மினாவின் முகம் சுட்டது. ஆனாலும் விடவில்லை. "அப்ப இந்தத் துணி? ஆள் படுத்திருக்கறப்ப வீட்ட அலங்காரம் பண்றது யாருக்குக் காட்ட?"

"காட்டறதுக்கு இல்ல," என்றாள் டார்லா. வேறு ஏதோ சொல்ல வாயெடுத்து, கட்டிலைப் பார்த்துவிட்டு, நிறுத்திக்கொண்டாள்.

அந்தப் பார்வை ஹெர்மினாவுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒன்று அதில் இருந்தது.

"நான்தான் கேட்டேன்," என்றது கட்டில்.

வெர்லினின் கண்கள் பாதி திறந்திருந்தன. குரல் காய்ந்த இலை மாதிரி இருந்தது. டார்லா ஈரப் பஞ்சால் அவன் உதட்டைத் தொட்டுவிட்டு, குளிக்க மாடிக்குப் போனாள்.

ஹெர்மினா நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "உனக்கு எதுக்குடா திரை? தெருவப் பாத்துட்டுப் படுத்திருந்தா பொழுதாவது போகுமே."

அவன் ஜன்னல் பக்கம் கண்ணைத் திருப்பினான். அவளும் திரும்பினாள். அவன் தலையணை உயரத்திலிருந்து பார்த்தபோது மேப்பிள் மரத்தின் கிளைகள் மறைக்கவில்லை. தெருவுக்கு அந்தப்பக்கம் அவளுடைய சமையலறை ஜன்னல் நேர் எதிரே இருந்தது. குழாய் தெரிந்தது. அவள் காலையில் கழுவிக் கவிழ்த்த ஒற்றைக் கோப்பை தெரிந்தது.

"லைட்ட அணைச்சிட்டா தெரியாதுன்னு நெனச்சியா, மினா?" வெர்லினின் வாயோரம் லேசாக வளைந்தது. "நடுநடுவுல பிரிட்ஜத் திறக்கறியே. பளிச்சுனு தெரியற. கையில ஐஸ்கிரீம் டப்பா."

அவள் சிரிக்க முயன்றாள். "உனக்காகத்தான்டா நின்னேன். அவ என்ன பண்றாளோன்னு..."

"தெரியும்." மூச்சு வாங்கினான். கண்கள் செருகின. தூங்கிவிட்டான் என்று நினைத்தாள். "அவ என்னைத் துடைச்சு விடறா. எல்லாத்தையும் துடைக்கிறா. குழந்தைக்குப் பண்ற மாதிரி. அப்பக்கூட நீ அங்க நிக்கற."

ஹெர்மினா தன் கோட்டுப் பித்தானைப் பிடித்துக்கொண்டாள்.

"அவளுக்கு அழணும்னாலும் கார் ஷெட்டுக்குப் போறா," என்றான் அவன். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

டார்லா ஈரத் தலையோடு இறங்கி வந்தபோது அவன் மூச்சு விட்டு விட்டு வந்தது. இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். வயல்களில் அறுவடை இயந்திரங்களின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு மூச்சுக்குப் பின் அடுத்தது வரவில்லை. வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள். டார்லாதான் முதலில் எழுந்து அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

நர்ஸ் வந்தாள். சவ அடக்க நிலையத்தார் கறுப்பு வண்டியில் வந்து அவனைக் கொண்டுபோனார்கள். எதிர்ச்சாரியில் ஆட்கள் தங்கள் ஜன்னல்களில் நின்று பார்த்தார்கள். துக்க வீட்டுக்கென்று யாரோ ஒரு தட்டு ஹாம் பன்களை வாசலில் வைத்துவிட்டு, மணி அடிக்காமல் போயிருந்தார்கள். விரிப்பு உருவிய கட்டிலின் ஓரத்தில் டார்லா உட்கார்ந்திருந்தாள். முதுகு நேராக, முகம் வறண்டு, போட்டோவுக்கு உட்கார்ந்தவள் மாதிரி. தெரு முழுக்க அவளைப் பார்க்க முடியும்.

அழக்கூட இல்லையே என்று நாளைக்குச் சொல்வார்கள். நேற்றாக இருந்தால் ஹெர்மினாவும் சொல்லியிருப்பாள்.

அழைப்பு மணி அடித்தது.

"ஐயோ, கர்ட்டன் கடைக்காரம்மா. அளவெடுக்க இன்னைக்கு வரச் சொன்னேன், மறந்தே போயிட்டேன்." டார்லா எழுந்திருக்கவில்லை. "இனிமே எதுக்கு? அவருக்காகத்தானே. வேணாம்னு சொல்லி அனுப்பிடுறீங்களா?"

ஹெர்மினா போய்க் கதவைத் திறந்தாள். கர்ட்டன் கடை ரோவீனா கையில் அளவு நாடாவோடு நின்றாள். கறுப்பு வண்டியை வழியில் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. முகம் வாடியிருந்தது.

"மன்னிச்சுக்குங்க. நான் இன்னொரு நாள் வரேன். இல்ல, வேணாம்னா வேணாம், அட்வான்ஸ்கூட வாங்கல..."

"உள்ள வாங்க," என்றாள் ஹெர்மினா.

ரோவீனா தயங்கியபடி சாப்பாட்டறைக்குள் வந்தாள். டார்லா நிமிர்ந்தாள். "ஹெர்மினா, வேணாம்னு சொல்லச் சொன்னேனே."

"சொல்லல."

ரோவீனா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் வேலைக் குரலைத் தேடிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "மெல்லிசுத் துணியா, தடிச்சதா? மெல்லிசுன்னா வெளிச்சம் நல்லா வரும். ஆனா நெழல் தெரியும்."

"தடிச்சது. உள்பக்கம் லைனிங்கும் வைங்க," என்றாள் ஹெர்மினா.

ரோவீனா நாடாவை இழுத்து ஜன்னல் சட்டத்தின் ஒரு மூலையில் வைத்தாள். அகலமான ஜன்னல். அவள் கை மறுமூலைக்கு எட்டவில்லை. ஹெர்மினா தெருவுக்கு முதுகைக் காட்டி நின்று, அந்த முனையைப் பிடித்துக்கொண்டாள்.